வினாவின் அறம்: ஏலப்பாறைத் தமிழை முன்வைத்து ஒரு சிந்தனை

முன்னுரை

ஓர் ஆய்வின் தரம் அதன் தரவுகளாலும் அணுகுமுறையாலும் மதிப்பிடப்படுகிறது. இவ்விரண்டிற்கும் முற்பட்ட ஆய்வு வினா அந்த அளவிற்குக் கவனம் பெறுவதில்லை. தலைப்பு வேறு, வினா வேறு. 'ஏலப்பாறைத் தமிழில் மலையாளத் தாக்கம்' என்பது தலைப்பு. அதனுள் வினா இல்லை. வினா இல்லாத இடத்தில் எம்முடிவும் பிழையாவதில்லை. எம்முடிவும் மெய்ப்பிக்கப்படுவதும் இல்லை. வினாவைச் செம்மையாக அமைப்பது நெறிமுறை சார்ந்த திறன் மட்டுமா, அறம் சார்ந்த கடமையுமா என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இலக்கண மரபில் வினா

வினாவும் விடையும் வழுவின்றி அமைய வேண்டும் என்பதைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வலியுறுத்துகிறார். நன்னூலார் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாகவும், விடையை எட்டாகவும் வகுக்கிறார். அவ்விடைகளுள் ஒன்று மறை, அதாவது மறுத்துக் கூறுதல். இவை உரையாடலை நோக்கிய பாகுபாடுகளே. எனினும் ஆய்வுக்கும் இவை அளவுகோலாகத் தக்கன. விடையை முன்பே அறிந்து கேட்பது அறிவினா. வகுப்பறையில் அதற்கு இடமுண்டு, ஆய்வில் இல்லை. ஆய்வு வினா அறியாவினாவாகவோ ஐயவினாவாகவோ இருத்தல் வேண்டும். அதற்கு மறை விடை வரவும் வழியிருத்தல் வேண்டும்.

தலைப்புக்குள் மறைந்த முடிவு

ஏலப்பாறை, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் பீருமேடு வட்டத்தைச் சார்ந்த தேயிலைத் தோட்டப் பகுதி. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளிலிருந்து இம்மலைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள் இங்குத் தமிழ் பேசி வாழ்கின்றனர். 'மலையாளம் இவர்களது தமிழை எவ்வாறு சிதைத்துள்ளது?' என வினவினால், சிதைவு நிகழ்ந்தது என்பது வினவும்போதே முடிவாகிவிடுகிறது. வேறுபடும் ஒவ்வொரு சொல்லும் சான்றாகக் குவியும்.

தொழிலாளர் குடியிருப்பைக் குறிக்கும் 'லயம்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். இது மலையாளிகளின் பேச்சிலும் வழங்குவதால் மலையாளத் தாக்கம் எனப் பட்டியலிடப்படக்கூடும். ஆனால், மலையாளத் தொடர்பு இல்லாத இலங்கை மலையகத் தமிழிலும் இதே சொல் இதே பொருளில் வழங்குகிறது. 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபாகவே இது கொள்ளப்படுகிறது. எனவே இச்சொல் மொழி எல்லையினும் தோட்ட அமைப்பையே சுட்டி நிற்கிறது. 'ஏலப்பாறைத் தமிழின் சொற்களுள் மலையகத் தமிழிலும் உள்ளவை எவை, இல்லாதவை எவை?' என்று வினவியிருப்பின் இவ்வுண்மை தானே வெளிப்பட்டிருக்கும். முந்தைய வினா முடிவுக்குச் சான்று தேடுகிறது. பிந்தையது முடிவைச் சோதிக்கிறது.

மனிதரை வகைப்படுத்தும் வினா

சொல்லைத் தவறாக வகைப்படுத்தினால் பிறிதோர் ஆய்வாளர் திருத்திவிடலாம். மனிதரை வகைப்படுத்துவதில் அவ்வாறு அன்று. மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955இல் தன் அறிக்கையை அளித்தது. தேவிகுளம், பீருமேடு வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்கும் கோரிக்கைக்கு எதிராக, அங்குள்ள தமிழருள் பலர் வேலைக்காக வந்துபோகும் மக்கள் என்னும் வாதம் அக்காலத்தில் முன்வைக்கப்பட்டது. 1956 நவம்பர் 1 முதல் இவ்விரு வட்டங்களும் கேரளத்தில் அமைந்தன. எல்லை சரியா, தவறா என்பது இங்குப் பொருளன்று. 'இவர் நிலைக்குடியா, வந்துபோவோரா?' என்னும் வினாவின் அமைப்பே கருதத்தக்கது. தலைமுறைகளாக லயத்தில் வாழ்ந்தும் அவ்வீடு நிருவாகத்திற்கு உரியதாதலின், பணி முடிந்தால் வெளியேற வேண்டிய ஒருவர் இவ்விரண்டனுள் எவர்? அவரது வாழ்வுக்கு அவ்வினாவில் இடமே இல்லை. அவர் எவ்விடை கூறினும் அது பிழையாகவே பதிவாகும். இந்நிலையில் வினாவின் குறை அறக்குறையாக மாறுகிறது.

விடையளிப்போர் நிலை

தோட்டத்தில் மேலிருப்பவர் தொழிலாளியிடம், 'கொழுந்து எடுத்தாயிற்றா?' என்றால் அது ஏவல்வினா. அத்தகைய வினாக்களையே கேட்டுப் பழகியவரிடம் குறிப்பேட்டுடன் வரும் ஆய்வாளரின் வினாவும் ஏவலாகவே ஒலிக்கலாம். அப்போது கிடைக்கும் இசைவு விடை தரவாகாது. பணிவின் பதிவே ஆகும்.

'தோட்டப் பெண்கள் ஏன் வாய்திறப்பதில்லை?' என்பதும் இத்தகையதொரு வினா. 2015 செப்டம்பரில் மூணாற்றில், பெரும்பாலும் தமிழ் பேசும் பெண் தொழிலாளர்கள் தொழிற்சங்கங்களின் தலைமையை ஏற்காது, 20 விழுக்காடு போனசு கோரி வீதிக்கு வந்தனர். 'பெம்பிளை ஒருமை' என அறியப்பட்ட அப்போராட்டம் அவ்வினாவிற்கு மறை விடையாக அமைந்தது. 'யாரிடம், எச்சூழலில், எம்மொழியில் பேசுகின்றனர்?' என்பதே அவர்களைக் குறித்துக் கேட்கத்தக்க வினா.

தொகுப்புரை

நல்ல ஆய்வு வினா மூன்று தகுதிகளை உடையது எனலாம். அது விடையைத் தன்னுள் ஒளித்து வைக்காது. 'இல்லை' என்னும் விடையால் தோற்கத் தயங்காது. யாரைக் குறித்து எழுப்பப்படுகிறதோ அவர் தம் வாழ்வை அதனுள் அடையாளம் காண இடந்தரும். முதலிரண்டும் அறிவியலின் கோரிக்கைகள். மூன்றாவது அறத்தின் கோரிக்கை. ஆயினும் மூன்றாவது இல்லாதபோது முதலிரண்டும் பொருளிழப்பதை மேற்கண்ட சான்றுகள் காட்டுகின்றன. வினாவிற்கு வினாவே விடையாக வருவதையும் நம் இலக்கணம் ஏற்கிறது. 'இதை ஏன் எங்களிடம் கேட்கிறீர்கள்?' என ஏலப்பாறைத் தொழிலாளி ஒருவர் திருப்பிக் கேட்பாராயின், அதற்கு நேர்மையாக விடை கூற இயலுமா என்று களத்திற்குச் செல்லும் முன்னரே எண்ணிப் பார்ப்பது ஆய்வாளரின் கடன்.