ஊசியைக் கைவிட்ட பிறகுதான் மருந்தா?

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி இன்று குணமாகும் நோய். சோபோஸ்புவிர், டக்ளாடஸ்விர் மாத்திரைகளை 12 வாரம் தவறாமல் விழுங்கினால் நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் ரத்தத்திலிருந்து வைரஸ் அகன்றுவிடுகிறது. 2013-இல் அமெரிக்காவில் சோபோஸ்புவிர் விற்பனைக்கு வந்தபோது 12 வாரத்துக்கு 84,000 டாலர் விலை சொன்னார்கள். 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் நம் அரசு அந்த மருந்தை இலவசமாகவே தருகிறது. மருந்து இல்லை, பணம் இல்லை என்ற இரண்டு சாக்குகளும் போய்விட்டன. ஊசி வழியே போதை ஏற்றிக்கொள்பவருக்கு, அவர் அந்தப் பழக்கத்தை விடும் முன்பே, அவர் இருக்கும் இடத்துக்கே சென்று பரிசோதனையும் மருந்தும் தருவது முறையா என்ற கேள்விதான் மிச்சம்.

முறையே என்பது என் துணிபு. தானே தேடிக்கொண்ட நோய்க்கு ஊர்ப் பணமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். குடித்துக் கல்லீரல் கெட்டவரையும் பீடியால் நெஞ்சடைத்தவரையும் அரசு மருத்துவமனை வாசலில் எவரும் அப்படிக் கேட்டு நிறுத்துவதில்லை. ஊசிக்கு மட்டும் தனி நியாயம் கிடையாது. ஒழுங்காக மாத்திரை விழுங்குவார்களா என்ற ஐயத்துக்குச் சென்னையிலேயே விடை கிடைத்தது. ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனம் ஊசிப் பழக்கமுள்ள 50 பேருக்கு, கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறையில், அவர்கள் வாழும் பகுதியிலேயே சிகிச்சை அளித்துப் பார்த்தது. இன்றைய மருந்துகளைவிடக் கடினமான சிகிச்சை அது. அப்படியும் பெரும்பாலோருக்கு வைரஸ் நீங்கியது. மறுபடி தொற்றாதா என்பது இவற்றினும் வலுவான கேள்வி. தொற்றலாம்தான். ஆனால் தொற்று ஊசியைப் பகிர்வதால் பரவுகிறது. ஒருவரைக் குணப்படுத்துவது அவரோடு ஊசி பகிரும் நால்வரையும் காப்பது. சுத்தமான ஊசியும், போதைக்குப் பதிலாகத் தரும் புப்ரினார்பின் மாற்று மருந்தும் கூடவே கிடைத்தால் மறுதொற்று குறையும். திருந்திவிட்டு வா என்று அவரைத் திருப்பி அனுப்பினால், வைரஸும் அவரோடு அந்த நால்வரிடம் திரும்பிப் போகிறது.

எனக்குத் தயக்கம் வேறோர் இடத்தில். 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. ஹெபடைடிஸ் மருந்தையும் அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோகலாமே என்று தோன்றும். சர்க்கரை மாத்திரை வந்தால் தெருவில் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. விருத்தாசலம் போல் ஆளுக்கு ஆள் தெரிந்த ஊரில் இந்த மாத்திரை ஒரு வாசலில் இறங்கினால், அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாணப் பேச்சே நின்றுபோகும். அதற்காக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தள்ளியுள்ள மாவட்டத் தலைநகர் கடலூருக்கு வரச்சொல்வதும் நியாயமாகாது. விரல்நுனி ரத்தத்தில் முதல் சோதனை, வைரஸ் இருக்கிறதா என்று உறுதிசெய்ய இரண்டாவது, அதன்பின் மருந்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலி போனால் இரண்டாம் நடையிலேயே ஆள் நின்றுவிடுவார். விருத்தாசலத்தின் செராமிக் தொழிற்பேட்டையில் மண்ணும் பொடியும் அரைக்கும் தொழிலாளர்களின் நுரையீரலுக்கு எப்படியும் பரிசோதனை வேண்டும். நெஞ்சையும் சர்க்கரையையும் கல்லீரலையும் ஒரே முகாமில், ஒரே வரிசையில் பார்த்தால், யார் எதற்காக நிற்கிறார் என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, போதையிலிருந்து மீளத் தானே சிகிச்சைக்கு வருபவருக்கு வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. கல்லீரலுக்கு மருந்து கேட்டு வருபவரைப் பற்றி அது பேசவில்லை. அதனால் அந்த முகாமின் பதிவேடு எந்தக் காரணத்துக்காகவும் காவல் நிலையத்துக்குப் போகாது என்ற எழுத்துபூர்வமான உறுதி, முதல் விரலில் ஊசி குத்தும் முன்பே வேண்டும்.