இரக்கப் புள்ளிகள்

வெலிமடையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலிருந்து, க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் மாணவர் சிலர் சனிக்கிழமைதோறும் ஒரு சிறு கூடத்திற் கூடுகின்றனர். வாசிக்கவும் எழுதவும் பழகுவதே நோக்கம். பதின்மூன்று ஆண்டுகள் பாடசாலையில் வாசித்தும் எழுதியும் வந்தவர்களுக்கு இஃது எதற்கு என்று கேட்பாருண்டு. அக்கூடத்தில் நாம் வாங்கிப் படித்த இரண்டு கட்டுரைகளே அதற்கு விடை. இரண்டையும் எழுதியவள் ஒருத்திதான்.

முதற் கட்டுரை தேயிலைத் தொழிலைப் பற்றியது. அதில் எழுத்துப் பிழை ஒன்றில்லை. தேயிலை நாட்டின் பொருளாதாரத்துக்கு முதுகெலும்பு என்று தொடங்கிற்று. பச்சைப் பசேலென்ற மலைச்சாரலில் தொழிலாளர் பாடி மகிழ்ந்து கொழுந்து கொய்கின்றனர் என்று வளர்ந்தது. தேயிலையைப் போற்றுவோமாக என்று முடிந்தது. விடியுமுன் பிள்ளைகளை எழுப்பிவிட்டுப் பிரட்டுக்குப் போகும் ஒரு தாயின் மகள் எழுதிய கட்டுரை அது! கைநூலில் இருந்தது, மனத்தில் ஏறிற்று, தாளில் இறங்கிற்று. பரீட்சையில் நல்ல புள்ளி பெறத்தக்கது.

கைநூலை மூடிவைத்துவிட்டு, கண்டதை எழுதும்படி கேட்டோம். அடுத்த வாரம் இரண்டாவது கட்டுரை வந்தது. அதிற் பந்தி இல்லை. ஒரு வாக்கியம் முடியுமுன்னே மற்றொன்று உட்புகுந்தது. 'தோள்' என்பது 'தோழ்' ஆகியிருந்தது. ஆயின் அக்கட்டுரையிற் கொழுந்து நிறுக்கும் தராசு இருந்தது. நாளுக்கு மூன்று நிறுவை. ஒவ்வொரு நிறுவையிலும் சாக்குக்கும் ஈரத்துக்குமென்று ஒரு கிலோக் கழிவு. தாய் பறித்தது பத்தொன்பது, சிட்டையில் விழுந்தது பதினாறு. அன்றைக்கு அவளுக்கு அரைப்பேர். இவ்வளவும் ஒரே மூச்சில், ஒன்றரைப் பக்கத்தில்.

நாம் அதற்கு 75 புள்ளி இட்டோம். மறைப்பானேன், நெஞ்சு கனத்துத்தான் இட்டோம். தாளை வாங்கியவள் சிறிது நேரம் அதையே பார்த்திருந்துவிட்டு, "சேர், இத ஒரு டவுன் புள்ள எழுதியிருந்தா இதே மார்க் போடுவீங்களா?" என்று கேட்டாள்.

போடமாட்டோம் என்பதே நேர்மையான விடை. அன்று அவ்விடையைச் சொல்ல நமக்கு நா எழவில்லை. அவள் கேட்டது புள்ளியைப் பற்றிய ஐயமன்று, நீதியைப் பற்றிய வினா. ஒருவருக்கு நேர்ந்த அநீதியை ஈடுசெய்யும் பொருட்டு அவருடைய எழுத்தை வேறோர் அளவுகோலால் அளப்பது அறமாகுமா? எல்லார்க்கும் ஓர் அளவுகோல் என்று இறுக்கமாய் நின்றுவிடுவதுதான் அறமாகுமா?

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்வோம். தரம் என்பது தரமே, தகுதியில்லாதவர் வெளியே நிற்கட்டும் என்று பேசுவோர் நம் ஆசிரியர்களுள்ளும் உளர். ஓடத் தொடங்கிய இடம் எது என்பதை அவர்கள் கேட்பதில்லை. 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின் கையிற் கொடுத்தது. சிறு கைகளின் உழைப்பால் இலாபம் காண்பவனிடமே அக்கைகளுக்குப் பலகையும் எழுதுகோலும் கொடுக்கச் சொன்ன சட்டம் அது. ஒரே கூடம், ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முற்றுப்புள்ளி. பெரும்பாலான தோட்டப் பள்ளிகளின் வரலாறு இவ்வளவே. 1945 இல் இந்நாடு இலவசக் கல்வியைப் பிரகடனஞ் செய்தபோது அப்பள்ளிகள் அதன் நிழலுக்கு வெளியே நின்றன. 1948 இல் குடியுரிமையே பறிக்கப்பட்ட மக்களுக்குப் பள்ளிக்கூடம் கேட்பார் யார்? அரசு அவற்றை ஏற்கத் தொடங்கியது 1970களிலேதான். ஏனைய பிள்ளைகளின் பாட்டன் படித்தான், தந்தை படித்தான். இவள் வீட்டிற் பத்திரிகையை முழுதாய் வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் இவளே. இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி, ஓட்டம் நியாயமாய் நடந்தது என்று சாதிப்பவன் கோட்டை மட்டுமே பார்க்கிறான்.

இதற்குப் பரிகாரமாகத்தான் மாவட்ட ஒதுக்கீடு வந்தது என்பர். பல்கலைக்கழக இடங்களுள் ஐந்து விழுக்காடு கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாய் உரியது. அவற்றுள் பதுளையும் ஒன்று. அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் மாவட்டம் என்பது படத்தில் வரைந்த எல்லை. பதுளை நகரத்துப் பெரிய பாடசாலையும் மலையுச்சித் தோட்டத்தின் பாடசாலையும் அவ்வெல்லைக்குள் ஒன்றே. தவிரவும், வெட்டுப்புள்ளியைத் தாண்டி உள்ளே சென்றவருக்கு அங்கே என்ன நேர்கிறது என்பதை ஒதுக்கீடு கவனிப்பதில்லை. கதவு திறந்தது, வீட்டினுள் விளக்கில்லை.

இனி இரக்கத்துக்கு வருவோம். நாம் இட்ட 75 புள்ளியில் எத்தனை அவளுடைய எழுத்துக்கு, எத்தனை அவளுடைய தாயின் துயரத்துக்கு? துயரத்துக்குப் புள்ளியிடும் உரிமையை நமக்கு யார் தந்தது? அத்தாளோடு அவள் பல்கலைக்கழகம் சென்றால், முதல் ஆண்டின் முதல் ஒப்படையிலேயே வேறொரு விரிவுரையாளர் உண்மையைச் சொல்லிவிடுவார்; நாம் சொல்லத் துணியாததை அந்நியர் ஒருவர் அவளைக் குத்திச் சொல்வார். நமக்கு நல்லவர் என்ற பெயர், அவளுக்குத் தோல்வி. இரக்கம் இங்கே கற்பிக்கும் உழைப்பிலிருந்து தப்பும் வழியாயிற்று. பிழையொன்றைத் திருத்திக் கற்பிக்க ஒரு மணி நேரம் வேண்டும். பத்துப் புள்ளி கூட்டியிட ஒரு கணம் போதும்.

இவ்வினாவை எதிர்கொண்டவர் நாம் மட்டுமல்லர். 1970 இல் நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் உயர்நிலைப் பள்ளி முடித்த நகரத்து மாணவர் அனைவருக்கும் கதவைத் திறந்தது. கறுப்பினத்தவரும் போர்த்தோ ரிக்கோவினரும் வெள்ளைத் தொழிலாளரின் மக்களும் வந்து நிறைந்தனர். அவர்கள் எழுதியதைக் கண்ட பேராசிரியர் பலர், இவர்களுக்குக் கல்லூரிக் கல்வி ஆகாது என்று கைவிரித்தனர். மைனா ஷானெசி என்ற ஆசிரியை ஏறக்குறைய 4000 கட்டுரைகளை எடுத்துவைத்துப் பிழைகளை ஆராய்ந்து, 1977 இல் ஒரு நூலாய் வெளியிட்டார். பிழைகள் தாறுமாறானவை அல்ல, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு, எழுத்துலகிற்குப் புதியவன் தானே வகுத்துக்கொண்ட விதியின் விளைவு அது என்பது அவர் கண்ட உண்மை. (கதவைத் திறந்த அந்நகரம், நிதி நெருக்கடி வந்ததும் 1976 இல் அதே மாணவரிடம் கட்டணம் கேட்டது. முதலாளித்துவத்தின் தாராளம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அதுவும் ஒரு பாடம்.)

அந்தக் கண்கொண்டு நம் மாணவியின் 'தோழ்' என்ற பிழையைப் பார்த்தோம். ழகரத்தை விழுங்குகிறாய் என்று ஆண்டுக்கணக்காய் அதட்டப்பட்டவள், எதற்கும் இருக்கட்டும் என்று ளகரம் வரவேண்டிய இடத்திலும் ழகரத்தை இட்டுவைக்கிறாள். அறியாமையைக் காட்டிலும் அச்சமே அதில் மிகுதி. முடியாத வாக்கியங்களும் அப்படியே. முற்றுப்புள்ளி வைத்தால் கேட்பவர் எழுந்து போய்விடுவார் என்பதுபோல் அவள் எழுதுகிறாள். அவள் கூட்டத்தார் பேசும்போது எத்தனை பேர் இருந்து கேட்டிருக்கின்றனர்?

நம் பிழை அவளுடையதைவிடப் பெரிது. அவளுடைய தாளில் 'அரைப்பேர்' என்ற சொல்லை நாம் சிவப்பு மையால் வெட்டி, 'அரைநாள் ஊதியம்' என்று மேலே எழுதியிருந்தோம். கொச்சை நீங்கிச் செந்தமிழ் வந்தது என்று நினைப்பு. "அது அரைநாள் இல்ல சேர், அம்மா முழுநாளும் மலையிலதான் நின்னாங்க" என்றாள் அவள். செக்றோலிற் பெயர் விழுந்தால் ஒரு நாட்கூலி. நாள் முழுதும் வெயிலிலும் மழையிலும் நின்று பறித்தும் குறித்த நிறை எட்டாவிடில் பாதிப் பெயர்தான் விழும். அரைநாள் ஊதியம் என்று நாம் எழுதியது இலக்கணப்படி சரி, உண்மைப்படி பொய். ஒரு சொல்லைத் திருத்தி, ஒரு சுரண்டலை மறைத்துவிட்டோம்.

1960களின் தொடக்கத்தில் ஈழத்து இலக்கிய உலகில் 'இழிசனர் வழக்கு' பற்றி எழுந்த வாதத்தை வாசகர் அறிவர். உழைக்கும் மக்களின் பேச்சு இலக்கியத்தில் ஏறலாமா என்று பண்டிதர் சீறினர். முற்போக்கு எழுத்தாளர் எதிர்த்து நின்று வென்றனர். பதுளைத் தோட்டமொன்றின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப் போன்றோர் எழுதிய கதைகளில் தோட்டத்துச் சொற்கள் தலைநிமிர்ந்து நின்றன. கதையிற் கிடைத்த அவ்வெற்றி கட்டுரைக்கு வந்து சேரவில்லை. பல்கலைக்கழக ஒப்படையிலே 'அரைப்பேர்' என்று எழுதி, அதன் பொருளை வரையறுத்து, அதைக் கொண்டு வாதிக்கும் உரிமை இன்னும் வகுப்பறைக்கு வெளியே நிற்கிறது. வழக்குச் சொல்லை அப்படியே விட்டுவிடுவது மட்டும் போதாது. அதை வரையறுக்கப் பழக்குவதே கல்லூரிக் கல்வி.

ஆகவே அத்தாளைத் திருப்பிக் கொடுத்தோம். இம்முறை ஒரு புதிய முறையோடு. இத்தாலியில் தொஸ்கானா மலையிலுள்ள பார்பியானா என்ற சிற்றூரில், லொரென்சோ மிலானி என்ற பாதிரியாரிடம் படித்த உழவர் சிறுவர் எண்மர் சேர்ந்து, தம்மைப் பரீட்சையிற் கழித்த ஆசிரியைக்கு ஒரு நெடுங்கடிதம் எழுதினர். 1967 இல் அது நூலாயிற்று. அவர்கள் எழுதிய விதம் எளிது. ஒரு துண்டுத் தாளில் ஓர் எண்ணம். ஒத்தவற்றை ஓர் அடுக்காய் வைத்தல். அடுக்கு ஒவ்வொன்றும் ஒரு பந்தி. கூறியது கூறலை வெட்டுதல். நம் கூடத்து வாங்கின்மேல் அவளுடைய ஒன்றரைப் பக்கமும் துண்டுகளாய்ப் பரந்தது. தான் கண்டது ஓர் அடுக்கு, தாய் சொன்னது ஓர் அடுக்கு, தான் ஊகித்தது ஓர் அடுக்கு. 'களவெடுக்கிறாங்க' என்ற துண்டு எந்த அடுக்கிற் சேரும் என்பதில் அரைமணி நேரம் வாதம் நடந்தது. களவு என்றால் நிரூபிக்க வேண்டும். தோட்டத்தார் என்ன விடை சொல்வர்? காலைக் கொழுந்து பனியில் நனைந்து வரும், அதன் ஈரத்துக்குக் கழிக்கிறோம் என்பர். அது நியாயம் என்று ஒருவன் ஒப்புக்கொண்டான். சற்றுப் பொறுத்து அவள் கேட்டாள்: ஆடி ஆவணியிற் கச்சான் காற்று வீசி, தரையெல்லாம் வெடித்துக் கிடக்கும்போது, பகல் நிறுவையில் எந்த ஈரத்துக்குக் கழிக்கிறார்கள்?

எதிர்க்கட்சியின் நியாயத்தை ஒப்புக்கொண்டு, அதன் எல்லையைக் காட்டி, அதற்கப்பால் உள்ளதை மறுத்தல். உயர்கல்வி வேண்டும் தர்க்கம் இதைவிட வேறென்ன? அந்த ஆற்றல் அவளிடம் முன்பே இருந்தது. தாளில் இறங்கும் வழிதான் அடைபட்டிருந்தது.

வாசிப்பும் அவ்வாறே. 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் வெளிவந்தது: அடிப்படை 900, வரவு செலவுத் திட்ட நிவாரணப்படி 100. பின்னர் அத்தொகை உயர்ந்துவிட்டது. எனினும் அவ்வறிவித்தல் ஒரு நல்ல பாடநூல். வாசித்த மாணவர் எல்லாரும் ஆயிரத்தைக் கண்டனர். அதில் இல்லாதது எது என்று கேட்டோம். நெடுநேரம் மௌனம். எத்தனை கிலோப் பறித்தால் அந்த ஆயிரம், மாதத்தில் எத்தனை நாள் வேலை என்பவை அதில் இல்லை என்று ஒருவன் கண்டுபிடித்தான். அவ்வாண்டே கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகியதையும், பல தோட்டங்களில் நாளுக்குரிய நிறை உயர்ந்ததையும் அதனோடு சேர்த்து வாசித்தபோது, ஆயிரத்தின் பொருள் மாறிற்று. எழுதப்பட்டதைப் புரிந்துகொள்வதற்கு அடுத்த படி, எழுதாமல் விடப்பட்டதைத் தேடுதல். மனனத்தால் இப்படியை ஏற முடியாது.

பதுளையில் 2005 இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அங்கே கற்பது ஆங்கிலத்தில். ஆங்கிலம் இல்லாமையே நம் மாணவரின் ஒரே குறை என்பது பொதுவான பேச்சு. பாதியே உண்மை. தமிழில் ஒரு பந்தியைக் கட்டி நிறுத்தத் தெரிந்தவள் ஆங்கிலத்திற் சொற்களைத் தேடினாற் போதும். தமிழிலேயே கைநூலை ஒப்புவித்தவள் ஆங்கிலத்திலும் ஒரு கைநூலைத்தான் தேடுவாள். அதற்கான கடை நகரத்தில் இல்லாமற் போகாது.

சனிக்கிழமை வகுப்புகள் இக்கடனைத் தீர்க்கும் என்று நாம் ஏமாறவில்லை. அரை நூற்றாண்டு தாமதித்துப் பள்ளி கொடுத்த அரசு, இடம் கொடுத்துவிட்டு எழுத்துப் பயிற்சியைத் தொண்டர்களின் ஓய்வு நாளுக்கு விட்டுவிடுவது கடமையைக் கைகழுவுதலே. பின்தங்கிய மாவட்டத்தின் பெயரால் அனுமதிக்கப்படும் ஒவ்வொருவர்க்கும் ஓராண்டுக் காலம், சம்பளம் பெறும் ஆசிரியரிடம், சிறு குழுக்களில், உதவிப் பணத்துடன் இப்பயிற்சி கிடைக்கவேண்டும். அதையும் பாடமாகக் கணக்கிட வேண்டும். அதன் பின்னர்தான் எல்லார்க்கும் ஒரே அளவுகோல் என்று பேசும் உரிமை பல்கலைக்கழகத்துக்கு உண்டு.

மூன்றாம் முறை எழுதிய கட்டுரை ஐந்து பந்திகளாய் வந்தது. 'அரைப்பேர்' முதற் பந்தியிலேயே விளக்கப்பட்டிருந்தது. கச்சான் காற்று நான்காம் பந்தியில் வீசிற்று. சந்திப் பிழைகள் இருந்தன. ஒரு கூற்றுக்கு ஆதாரம் போதவில்லை. முடிவு திடீரென்று அறுந்து நின்றது. நாம் 58 இட்டோம். டவுன் பிள்ளைக்கும் அதையே இட்டிருப்போம்.

அவள் தாளைப் புரட்டிப் பார்த்தாள். "மிச்சம் நாப்பத்திரண்ட எதுக்குச் சேர் கழிச்சீங்க?" என்றாள். வாங்கில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, வரி வரியாய்க் கழிவுக்குக் கணக்குச் சொல்லத் தொடங்கினோம். சில இடங்களில் அவள் ஒப்புக்கொண்டாள். இரண்டு இடங்களில் ஒப்புக்கொள்ளவில்லை. மாலைப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மற்றவர்கள் வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.