தொடங்குவோனின் அறம்

உடற்பயிற்சி பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதனை உடல்நலவியலுக்குரிய விடயமாகவே கொள்வர். எவ்வளவு நேரம் நடத்தல் வேண்டும், எத்தனை முறை குனிந்து நிமிர்தல் வேண்டும் என்பனவே அவர்தம் வினாக்களாக அமைகின்றன. ஆயின், நெடுங்காலம் உடலை வருத்தாது வாழ்ந்த ஒருவன் அதனைப் பயிற்றத் தொடங்கும்போது எதிர்ப்படும் முதற் பிரச்சினை மருத்துவத்தின்பாற்பட்டதன்று, ஒழுக்கவியலின்பாற்பட்டது. தான் இன்னும் ஆகாத ஒருவனுக்குரிய செயலை அவன் இன்றே செய்தல் வேண்டும். இஃது எவ்வாறு இயலும்?

இவ்வினா புதியதன்று. அரிஸ்ரோட்டில் தமது நிக்கோமாக்கிய ஒழுக்கவியலின் இரண்டாம் நூலில் இதனையே வேறு வடிவில் எழுப்புகின்றார். நீதியான செயல்களைச் செய்வதனாலேயே ஒருவன் நீதிமான் ஆகின்றான் என்பது அவர் கொள்கை. அங்ஙனமாயின், நீதியான செயலைச் செய்பவன் முன்னரே நீதிமானாக இருத்தல் வேண்டுமன்றோ என்னும் தடையை அவரே முன்வைத்து விடையும் கூறுகின்றார். தொடக்கத்தில் நிகழும் செயல் பண்புடையோன் செயலை வெளித்தோற்றத்தில் மாத்திரமே ஒத்திருக்கும். நிலைபேறான இயல்பினின்று அச்செயல் பிறக்கும் நிலை பழக்கத்தினாற் பின்னரே வாய்க்கும். அதாவது, பண்பு செயலுக்கு முன்நிபந்தனையன்று; செயலின் விளைவு. எனவே, ஊக்கம் பிறந்த பின்னர் எழுவேன் எனக் காத்திருப்பவன், விளைவு வரும்வரை காரணத்தை ஒத்திவைப்பவனாகின்றான்.

ஆயினும், எழுந்தவர் யாவரும் தொடர்வதில்லை. பேராதனை வளாகத்தின் ஏற்றங்களில் இடைநடுவே மூச்சிரைத்து நிற்கும் மாணவன் ஒருவனை எண்ணிக்கொள்வோம். கதிரையிலும் நூல்நிலையத்திலும் சில ஆண்டுகளைக் கழித்தவன் அவன். புதிய தவணை தொடங்கும் நாளில் வைகறையில் எழுந்து மைதானத்தைப் பலமுறை சுற்றி ஓடுகின்றான். மறுநாட் படிக்கட்டில் இறங்குவதே அவனுக்குப் பெரும்பாடாகின்றது. இரண்டாம் வாரத்தில் ஓட்டம் நின்றுவிடுகின்றது. தனக்கு மனவுறுதி இல்லை என அவன் தீர்ப்புக் கூறிக்கொள்கின்றான். நண்பரும் அதனை ஆமோதிக்கின்றனர்.

இத்தீர்ப்புப் பிழையானது. முதல்நாள் அவ்வளவு தூரம் ஓடுதற்கு வேண்டிய உறுதி அவனிடம் இருந்ததன்றோ? இல்லாதிருந்தது உறுதியன்று, உண்மை. பாடசாலைக் காலத்தில் விளையாடித் திரிந்த உடலை, அல்லது பக்கத்து அறை நண்பனின் உடலைத் தன்னுடையதாகக் கருதிக்கொண்டு அவன் ஓடினான். தன்னிடம் உள்ள உடலோடு அவன் பேசவேயில்லை. மிகையான தொடக்கம் வீரம் போலத் தோன்றினும், அது தன் இன்றைய நிலையைக் காண மறுக்கும் ஒருவகைப் பொய்யேயாகும்.

உடல் இப்பொய்யை ஏற்பதில்லை. பழக்கமற்ற உழைப்பினால் தசைகளில் எழும் நோவு உடனே முழுமையாகத் தெரிவதன்று. ஏறத்தாழ ஒன்று முதல் மூன்று நாட்களுள்ளேயே அஃது உச்சத்தை அடையும். அன்றியும், உடலின் உறுப்புக்கள் யாவும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. முதற் சில வாரங்களில் ஒருவன் பெறும் வலிமையிற் பெரும்பகுதி, தசை பருப்பதனால் அன்றி, இருக்கும் தசையைத் திறம்பட இயக்க நரம்புத் தொகுதி கற்றுக்கொள்வதனாலேயே வருகின்றது. மூச்சும் குருதியோட்டமும் சில வாரங்களிலேயே இசைவுறத் தொடங்கும். தசைகளை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களோ மிகவும் மெதுவாகவே உரம்பெறும். இதனாலேயே, மூச்சு இலகுவாயிற்று என்று எண்ணித் தூரத்தைத் திடீரெனக் கூட்டுபவன் கணுக்காலிலோ முழங்காலிலோ ஊறுபடுகின்றான்.

அவ்வாறாயின் தொடங்குவோனுக்குரிய அளவு யாது? அரிஸ்ரோட்டில் அதே நூலில் நடுநிலை பற்றிக் கூறும் எடுத்துக்காட்டு ஈண்டு மனங்கொளத்தக்கது. பத்து மினா நிறையுள்ள உணவு மிகையும் இரண்டு மினா குறைவும் ஆயின், ஆறு மினாவே யாவர்க்கும் ஏற்றது எனப் பயிற்றுநன் விதிப்பதில்லை. அவ்வளவு, மைலோ என்னும் புகழ்பெற்ற மல்லனுக்குப் போதாதிருக்கலாம். பயிற்சியைப் புதிதாகத் தொடங்குவோனுக்கோ மிகையாகும். எண்ணின் நடு வேறு. நமக்குரிய நடு வேறு. அறத்தின் அளவை விளக்கவந்த மெய்யியலாளர், தொடங்குவோனை மல்லனுக்கு எதிரே நிறுத்திக் காட்டியமை கருதத்தக்கது.

அண்மைக்கால ஆய்வுகளும் இதற்கு அரணாக அமைகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலில், வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபடல் நன்று என்கின்றது. எனினும், சிறிதளவேனும் செய்தல் செய்யாதிருத்தலினும் மேலானது என்றும், சிறுகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுதல் வேண்டும் என்றும் அது வலியுறுத்துகின்றது. குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து செய்தல் வேண்டும் என்ற முந்திய நிபந்தனையும் அதிற் கைவிடப்பட்டது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் 96 பேரைக் கொண்டு நடாத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக வேரூன்ற எடுக்கும் காலத்தின் இடையப் பெறுமானம் 66 நாள் என மதிப்பிடப்பட்டது. அக்காலம் ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. ஒருநாள் தவறியமை பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கவில்லை என்பதும் அதன் முடிபாகும். ஒருநாட் தவறியதும் யாவும் அழிந்தது என்று கைவிடுபவனுக்கு இது தக்க மறுமொழியாகும்.

சிறுகத் தொடங்குக என்பது சோம்பலுக்கு அளிக்கும் அனுமதிச் சீட்டு ஆகாதா எனச் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. ஆயின், நமக்குரிய அளவு என்பது நாம் விரும்பிய அளவு அன்று. அதற்கு உரைகல் உண்டு: இன்று செய்ததை நாளையும் செய்ய இயலுமா? இயலாதாயின் அது மிகை. வாரங்கள் கழிந்தும் சற்றேனும் கூடவில்லையாயின் அது குறை. நோயுற்றோரும் ஊறுற்றோரும் வைத்தியரின் ஆலோசனையோடு இவ்வளவைக் காணல் வேண்டும். பத்து நிமிட நடையை நாள்தோறும் தவறாது நடப்பவன், ஒருநாள் ஓடி ஓய்ந்தவனிலும் கடுமையான ஒழுங்குக்கு உட்பட்டவனே.

இன்னொரு தடை, பிறர் பார்வை. பருத்த உடலோடு, தடுமாறும் காலோடு, தேர்ந்தவர் நடுவே நிற்க நாணுதல் மனித இயல்பு. செனபோன் எழுதிய சோக்கிரதீசு பற்றிய நினைவுக் குறிப்புக்களில், உடலைப் பேணாத எபிகெனீசு என்னும் இளைஞனை அவ்வறிஞர் கடிந்துரைக்கும் பகுதி உண்டு. நாணம் ஒருவனை எழுப்பக்கூடும். அவனை நெடுந்தூரம் நடத்தமாட்டாது. பிறர் கண்ணுக்காகத் தொடங்கியவன் பிறர் கண்ணுக்காகவே நிறுத்தவும் செய்வான்.

எல்லாவற்றினும் வலிய தடை வேறொன்று. உடற்பயிற்சி ஓய்வுடையோரின் ஆடம்பரமன்றோ? மலைநாட்டுத் தோட்டங்களிற் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு நடைப்பயிற்சியைப் பரிந்துரைப்பது நகைப்புக்கிடமாகும். இத்தடையில் உண்மை உண்டு. ஜெரமி மொறிசும் அவர்தம் குழுவினரும் 1953இல் வெளியிட்ட ஆய்வில், இலண்டன் இரட்டைத்தட்டு பஸ்களில் அமர்ந்தே பணிபுரிந்த சாரதிகளிலும் பார்க்க, படியேறி இறங்கிய நடத்துநர்களிடையே இருதய நோய் குறைவாகக் காணப்பட்டது. அந்நடத்துநர்கள் பயிற்சி செய்யப் படியேறியவர்களல்லர், ஊதியத்துக்காக ஏறியவர்கள். எனினும் உழைப்பு யாவும் ஒன்றெனல் ஆகாது. நாளொன்றுக்குப் பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறையைப் பறிப்பவள் நிருணயிப்பதில்லை. அவள் உடல் களைத்ததோ நொந்ததோ, அளவு பிறரால் விதிக்கப்படுகின்றது. தன் உடலுக்குரிய அளவைத் தானே காணும் உரிமை அவளுக்கு மறுக்கப்பட்டுள்ளது.

ஆகவே, பயிற்சியைத் தொடங்கும் மாணவன் பெருமைகொள்ளுதற்குரிய தியாகம் எதனையும் புரிபவனல்லன். பலர்க்குக் கிட்டாத ஓர் உரிமையைக் கையாள்பவன் அவன். அளவைத் தானே தெரியும் சுதந்திரம் பெற்றிருந்தும், மல்லனின் அளவையோ நண்பனின் அளவையோ இரவல் வாங்குவானாயின், அச்சுதந்திரத்தைத் தானே எறிந்துவிடுகின்றான். தன் இன்றைய உடலை வெறுக்காமலும் அதற்குப் பொய்யுரைக்காமலும், அது தாங்கும் சிறு அளவை நாளையும் செய்யுமாறு இன்று செய்தலே தொடங்குவோனின் அறம் எனலாம். பண்புடையோனாக நடிக்கவேண்டிய தேவை அவனுக்கில்லை. தொடங்குபவனாகத் தன்னை ஒப்புக்கொண்டாற் போதுமானது. எஞ்சியதைப் பழக்கம் செய்துமுடிக்கும்.