தொண்டரைத் தாங்குவதும் தொண்டே

பிறர் துன்பத்தில் தவிக்கும்போது உதவச் சென்றவர் உண்டு, உறங்கி ஓய்வெடுப்பது சுயநலமாகாதா? இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் மனதில் இருந்துவரும் கேள்வி இது.

2004 மார்கழி 26ஆம் திகதி ஆழிப்பேரலை எமது கிழக்குக் கரையை அழித்தபோது நான் அரச எழுதுவினைஞராகக் கடமையாற்றினேன். இலங்கையில் 30,000இற்கும் அதிகமான உயிர்களைக் கடல் கொண்டது. பாடசாலையொன்றில் இயங்கிய நலன்புரி நிலையத்தில் இறந்தோர், காணாமற்போனோரின் பெயர்களைப் பதிவது என் வேலை. எட்டு நாட்கள் வீடு செல்லவில்லை. அதைப் பெருமையாகவும் எண்ணினேன். ஒன்பதாம் நாள் ஒரு வயோதிபத் தாயார் தம் பேரப்பிள்ளையின் பெயர் இருக்கின்றதா என்று நான்காவது தடவையாகக் கேட்டார். “எத்தனை தரம் சொல்லுறது?” என்று கத்திவிட்டேன். அவர் ஒன்றும் பேசாது திரும்பிப் போனார். பக்கத்தில் இருந்த இளம் உத்தியோகத்தர் என் கையிலிருந்த பேனையை வாங்கி, “ஐயா, இனி நான் எழுதுறன். நீங்க வீட்ட போங்க” என்றார். மறுநாள் அத்தாயாரிடம் மன்னிப்புக் கேட்கச் சென்றேன். அவர் வேறு முகாமுக்குப் போய்விட்டார்.

அன்று என்னிடம் இரக்கம் இல்லாமற் போகவில்லை. உடலும் மனமும் களைத்திருந்தன. ஆனால் என் களைப்பின் விலையைச் செலுத்தியவர் பேரப்பிள்ளையை இழந்து நின்ற அந்தத் தாயார். ஆகவே ஓய்வு சுயநலமன்று, கடமையின் ஒரு பகுதியே என்பதை உணர்ந்தேன். களைத்தவருக்குத் தம் களைப்புத் தெரிவதில்லை. அதைக் கண்டு பேனையை வாங்க இன்னொருவர் அருகில் இருக்க வேண்டும்.

இதனை எமது பெரியபுராணத்திலும் காணலாம். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அப்பரும் சம்பந்தரும் இறைவன் அருளிய படிக்காசு கொண்டு இரு மடங்களில் அடியவர்க்கு அமுதளித்தனர். ஒருவரே முழுச் சுமையையும் ஏற்கவில்லை. தமது மடத்தில் அமுது தாமதமானபோது சம்பந்தர் சமைப்போரிடம் காரணத்தைக் கேட்டார். காசை மாற்றுவதில் வட்டம் கேட்கிறார்கள் என்றறிந்து, குறையற்ற காசு வேண்டி இறைவனையே பாடினார். தொண்டரிடம் குறை கண்டால் முதலில் காரணம் கேட்க வேண்டும் என்ற பாடம் இதில் உண்டு.

உலக சுகாதார நிறுவனம் 2011இல் பிற அமைப்புகளுடன் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைந்நூலும் உதவுவோரின் நலனுக்கென ஒரு பகுதியை ஒதுக்கியுள்ளது. வேலையைப் பகிர்தல், முறைவைத்துச் செய்தல், ஓய்வெடுத்தல், சக தொண்டரை விசாரித்தல் என்பனவே அதன் அறிவுரைகள்.

2025 கார்த்திகை இறுதியில் டித்வா புயலும் வெள்ளமும் நாட்டைத் தாக்கியபோது எமது தொண்டர் சபை இளைஞர்கள் இரவுபகலாக உழைத்ததை நாம் அறிவோம். அவர்களைப் பாராட்டினோம். “சாப்பிட்டீங்களா, நித்திரை கொண்டீங்களா?” என்று எத்தனை பேர் கேட்டோம்?

தேர்த்திருவிழாவிலே வடம் பிடிப்பவர் களைத்தால் அடுத்தவர் கைகொடுக்கின்றார். விட்டவரை யாரும் பழிப்பதில்லை, தேரும் நிற்பதில்லை. இனிவரும் ஆபத்துக் காலங்களிலும் இருவர் இருவராகச் செல்வோம். முறைவைத்துப் பணி செய்வோம். மாலையில் ஒன்றாக அமர்ந்து மனப்பாரத்தைப் பேசித் தீர்ப்போம். பிறரைத் தாங்கும் கைகளை நாமும் தாங்குவதற்கு எல்லாம் வல்ல எம்பெருமான் திருவருள் கிட்டுவதாக.