பக்கத்தில் ஒருவர்

பங்குனி உத்திரத்தன்று ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் ஒரு குடும்பச் சண்டை நடக்கும். உறையூருக்குப் போய்க் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டு திரும்பிய நம்பெருமாளை உள்ளே விடாமல் ரங்கநாயகித் தாயார் கதவைச் சாத்திவிடுவார். பிரணய கலகம் என்று அதற்குப் பெயர். பெருமாளுக்காக ஒரு தரப்பு பேசும். தாயாருக்காக ஒரு தரப்பு பேசும். நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்த பிறகுதான் கதவு திறக்கும். லோகமாதாவான தாயாருக்கே தன் மனக்குறையைச் சொல்லப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

அதே ஊர்ப் பெண் ஒருத்தி காவிரிப் பாலம் தாண்டி, திருச்சி கன்டோன்மென்ட்டில் உள்ள குடும்பக் கோர்ட்டுக்கு வருகிறாள். கையில் மஞ்சப்பை. உள்ளே கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு நகல், பிள்ளையின் பள்ளிக்கூட ரசீதுகள். பெயர் கூப்பிடும்போது இல்லாமல் போய்விடுவோமோ என்று டீ குடிக்கக்கூட நகராமல் வாசலிலேயே நிற்கிறாள்.

1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், வக்கீல் வைத்துக்கொள்வதை யாரும் உரிமையாகக் கேட்க முடியாது என்கிறது. 13-ஆவது பிரிவு அது. நல்லெண்ணத்தில் பிறந்த விதி. வீட்டு விவகாரத்தை அவரவர் தம் வாயால் சொல்லட்டும், முடிந்தால் சமரசம் ஆகட்டும் என்று நினைத்தார்கள். ஆனாலும் கோர்ட்டின் அனுமதியோடு வக்கீல்கள் வரத்தான் செய்கிறார்கள். வசதி உள்ளவர் வக்கீலோடு வருகிறார். இல்லாதவர் தனியாக நிற்கிறார். ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உண்மை வெளியே வர நல்ல வழிதான். ஆனால் பக்கம் பக்கமாக நீளும் அந்தப் படிவத்தின் முன், எட்டாம் வகுப்போடு நின்றவளுக்குப் பேனா நகராது.

அங்கேதான் ஒருவர் தேவைப்படுகிறார். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருப்பது அதற்காகவே. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. வக்கீலையும் அவர்களே ஏற்பாடு செய்வார்கள். 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள். இது தெரியாமல் எத்தனை பேர் வாய்தாவுக்கு வாய்தா அலைகிறார்கள்!

ஒருமுறை அந்தக் கோர்ட்டு வாசலில் ஒரு தன்னார்வலரைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். அந்தப் பெண்ணின் மஞ்சப்பையிலிருந்த காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்கி, நூல் கோத்துக் கட்டிக் கொடுத்தார்.

"உள்ள போய் நான் என்ன சார் பேசணும்?"

"நடந்ததைச் சொல்லும்மா. பயந்தா ஒரு நிமிஷம் நின்னு, மூச்சு விட்டுட்டுச் சொல்லு. ஐயா கேப்பாங்க."

அவ்வளவுதான். அவர் சட்டம் எதுவும் பேசவில்லை. அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அந்தக் கட்டை நெஞ்சோடு அணைத்தபடி உள்ளே போனாள். வந்தபோது குனிந்திருந்த தலை அப்போது நிமிர்ந்திருந்தது.

தன் வாயால் பேசுவது பெரிய உரிமை. ஆனால் அநாதையாக நிற்பவரின் தொண்டையில் அந்த உரிமை அடைத்துக்கொள்கிறது. பெருமாள் கோயிலில் திறக்கும் கதவு சேர்ந்து வாழ்வதற்கு. கோர்ட்டில் திறக்கும் கதவு சிலருக்குச் சேர்வதற்கு, சிலருக்கு மானத்தோடு பிரிவதற்கு. எதற்கானாலும், அந்தக் கதவைத் தட்டப் போகிறவரோடு வாசல் வரை ஒருவர் நடந்து வர வேண்டும். நீதி அங்கிருந்தே தொடங்கிவிடுகிறது.