ஐந்து டாலர் உறுப்பினர்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், 1992 நவம்பர் 28 அன்று, ஆளுங்கட்சியான முற்போக்குக் கன்சர்வேட்டிவ் கட்சி புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்க முதல் சுற்று வாக்குப்பதிவை நடத்தியது. நான்சி பெட்கோவ்ஸ்கிக்கு 16,393 வாக்குகள். ரால்ஃப் கிளைனுக்கு 16,392. தோற்றவர்களில் பெரும்பாலோர் பெட்கோவ்ஸ்கி பக்கம் சாய்ந்தார்கள். ஆனால் ஒரே வாரத்தில் நடந்த இரண்டாம் சுற்றில் கிளைன் 46,245 வாக்குகள் வாங்கி எளிதாக வென்றார். முதல் சுற்றைவிட சுமார் 25 ஆயிரம் பேர் கூடுதலாக வாக்களித்திருந்தார்கள்.

இரண்டு சுற்றுகளுக்கு நடுவே யார் வேண்டுமானாலும் 5 டாலர் கொடுத்து உறுப்பினர் அட்டை வாங்கலாம் என்று விதி இருந்தது. அப்படிச் சேர்ந்தவர்களில் பலருக்குக் கட்சி முக்கியமில்லை, அந்த ஒரு வாக்குதான் முக்கியம். தலைவரைத் தேர்ந்தெடுப்பதற்காக மட்டும் ஒரு கட்சியில் சேர்ந்து, வாக்களித்த கையோடு விலகிக்கொள்வது நேர்மையா?

நேர்மையில்லை என்பவர்களின் வருத்தத்தைத் தள்ளிவிட முடியாது. இருபது வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி, நன்கொடை திரட்டி, தோற்கும் தொகுதியிலும் நின்று உழைத்தவரின் வாக்கும், நேற்று அட்டை வாங்கியவரின் வாக்கும் ஒரே எடை. உழைப்புக்கு மதிப்பில்லையா என்று அவர் கேட்டால், கேட்பதில் நியாயம் உண்டு.

ஆனாலும் ஆல்பர்ட்டாவின் நிலைமையைப் பார்க்க வேண்டும். 1971 முதல் 2015 வரை அங்கே ஆண்டது இந்த ஒரே கட்சிதான். 2004 பொதுத்தேர்தலில் 83 இடங்களில் 62 அதற்கே கிடைத்தன. ஆட்சியில் இருக்கும் கட்சிக்குத் தலைவரானவர் மறு பேச்சின்றி முதல்வர். அங்கே மக்களுக்கு உண்மையாக எதையாவது தீர்மானிக்கக் கிடைத்த தேர்தல், இந்த உட்கட்சித் தேர்தல்தான். ஒரே சமையலறையில் சமைத்ததைத்தான் ஊர் முழுக்கச் சாப்பிட வேண்டும் என்றால், சமையற்காரர் யார் என்று சொல்லும் உரிமை சாப்பிடுகிறவருக்கும் உண்டு.

2006 தலைவர் தேர்தலில் முன்னணியில் இருந்தவர் முன்னாள் நிதியமைச்சர் ஜிம் டின்னிங். எட் ஸ்டெல்மாக் முதல் சுற்றில் 14,967 வாக்குகளோடு மூன்றாம் இடம். இரண்டாம் சுற்றில் வாக்காளர் எண்ணிக்கை 97 ஆயிரத்திலிருந்து 1,44,000-ஐத் தாண்டியது. சீட்டில் இரண்டாம் விருப்பத்தையும் குறிக்கலாம். அந்தச் சுற்றில் கடைசியாக வந்த டெட் மார்ட்டன் வெளியேறியதும், அவருடைய 41,243 சீட்டுகளில் இரண்டாம் விருப்பம் குறித்திருந்தவற்றைப் பிரித்தார்கள்: 25,813 ஸ்டெல்மாக்குக்கு, 4,227 டின்னிங்குக்கு. பெரும்பான்மையினரின் முதல் தேர்வாக இல்லாவிட்டாலும், பலருக்குப் பொறுக்கத் தக்கவராக இருந்தவர் முதல்வரானார். இதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

கட்சி செய்த பிழை வேறிடத்தில் இருக்கிறது. அட்டை விற்றபோது திறந்த கதவு, பிறகு திறக்கவே இல்லை. 2011 தலைவர் தேர்தலில் அலிசன் ரெட்ஃபோர்ட் முதல் சுற்றில் 19 சதவீதத்துக்கும் குறைவாகவே வாங்கினார். சட்டமன்ற உறுப்பினர்களில் அவரை அப்போது ஆதரித்தவர் ஒரே ஒருவர். கல்விக்கு வெட்டிய 10.7 கோடி டாலரைத் திருப்பித் தருவேன் என்றார். ஆசிரியர்கள் பலர் அட்டை வாங்கினார்கள். இரண்டாம் விருப்ப வாக்குகளால், முன்னணியில் இருந்த கேரி மாரை முந்தி முதல்வரானார். சொன்னபடி பணத்தையும் திருப்பித் தந்தார்.

புதியவர்களுக்குக் கதவைச் சாத்தியிருந்தால் கட்சி பிழைத்திருக்கும் என்றும் சொல்ல முடியாது. 2017 மார்ச்சில் பழையபடி பிரதிநிதிகள் மாநாடு கூடியது. தெருவில் போனவர் எவரும் வாக்களிக்கவில்லை. அந்தப் பிரதிநிதிகளில் 75 சதவீதம் பேர் தேர்ந்தெடுத்த ஜேசன் கென்னி, இந்தக் கட்சியையே போட்டிக் கட்சியான வைல்ட்ரோஸோடு இணைப்பேன் என்று சொல்லியே போட்டியிட்டவர். அதே ஆண்டில் இணைப்பும் நடந்தது.

மறுபடி ரெட்ஃபோர்டிடம் வருவோம். அவருக்கு 2013 நவம்பரில் கட்சி மாநாடு 77 சதவீத ஆதரவு தந்தது. நான்கு மாதங்களில், பயணச் செலவு சர்ச்சை முற்றி, சொந்த சட்டமன்ற உறுப்பினர்களே எதிர்த்து நிற்க, அவர் பதவி விலகினார். அவருடைய தவறுக்கு அவர் பதில் சொன்னது சரிதான். ஆனால் 2011-இல் 5 டாலர் கொடுத்து அவரை முதல்வராக்கிய ஆசிரியரிடம், இவரை வைத்துக்கொள்ளலாமா, அனுப்பிவிடலாமா என்று கட்சியில் ஒருவரும் கேட்கவில்லை.