பிறப்புப் பார்க்கும் முத்திரை

இயற்கை வேளாண்மை முத்திரை குத்திய பிரெஞ்சு ஒயினுக்குக் கூடுதல் காசு கொடுக்கிறவரிடம், அந்தத் தோட்டத்தில் மருந்து அடிப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இல்லை என்பார். அடிக்கிறார்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த போர்டோ கலவை.

பிரான்ஸின் மெதோக் பகுதியில் சாலையோரக் கொடிகளில் பழம் திருடுகிறவர்களை விரட்ட இதைத்தான் தெளித்து வைத்தார்கள். அந்தக் கொடிகளை மட்டும் அடிச்சாம்பல் நோய் தொடாததைக் கவனித்தார் தாவரவியலாளர் மில்லார்தே, 1885-இல் எழுதினார். கண்ணால் பார்த்து, சோதித்து, சொன்னார். பகுத்தறிவு என்றால் அதுதான்.

ஆனால் மயில்துத்தத்தில் உள்ள செம்பு மட்காது. மழை கழுவக் கழுவ மண்ணில் தங்கும். மிகுந்தால் மண்புழுவுக்கு நஞ்சு. ஐரோப்பிய ஒன்றியம் ஏழு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ வரை அனுமதிக்கிறது. சில நாளில் சிதைந்துபோகும் செயற்கைப் பூஞ்சணக்கொல்லிக்கோ இயற்கைத் தோட்டத்தில் இடமே இல்லை. (மயில்துத்தமும் ஆலையில் செய்ததுதான், அதை யாரும் கேட்பதில்லை.) எது எவ்வளவு கெடுக்கிறது என்று அளக்காமல் எந்தக் குலத்தில் பிறந்தது என்று விசாரிக்கிறார்கள். இந்தத் தர்க்கம் நமக்கு நன்றாகப் பழக்கமானது.

‘பயோடைனமிக்’ வேளாண்மைக்குத் தரும் டிமீட்டர் முத்திரை இன்னும் ஒரு படி மேல். பசுவின் கொம்பில் சாணம் அடைத்துக் குளிர்காலம் முழுக்கப் புதைத்து, தோண்டியெடுத்து, தண்ணீரில் ஒரு மணி நேரம் கலக்கித் தெளிக்க வேண்டும். விருப்பம் இருந்தால் செய்யலாம் என்றில்லை. சான்றிதழுக்கே இது நிபந்தனை. 1924-இல் ஆன்மிகவாதி ருடால்ஃப் ஸ்டைனர் ஆற்றிய சொற்பொழிவுகளில் பிறந்த முறை. மது ஆன்ம வளர்ச்சியைக் கெடுக்கும் என்றவர் அவர் என்பது தனி வேடிக்கை. நம் ஊர்த் தோட்டத்தில் எலுமிச்சம்பழம் கட்டினால் மூடநம்பிக்கை. பர்கண்டியில் கொம்பு புதைத்தால் பாட்டில் விலை ஏறுகிறது.

கொம்பு புதைக்கிறவர்களில் மண்ணை உயிராய்ப் பார்த்துக்கொள்கிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. உழைப்பு அவர்களுடையது, பேர் மட்டும் கொம்புக்குப் போகிறது.

பிரான்ஸ் 2018-இல் அனுமதித்த ஃப்ளோரேயால், வோல்ட்டிஸ் போன்ற திராட்சை ரகங்கள் அடிச்சாம்பல் நோயைத் தாமே தாங்குகின்றன. மருந்தடிப்பு வெகுவாகக் குறைகிறது. அவற்றை நட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. விற்கிற பெயர் மெர்லோ, ஆகவே மெர்லோ நடுகிறார்கள். வரம்பின் விளிம்புவரை செம்பு தெளித்த மெர்லோவுக்கும் பேருக்குத் தெளித்த ஃப்ளோரேயாலுக்கும் கிடைப்பது இயற்கை வேளாண்மையின் அதே பச்சை இலைச் சின்னம்.